நாலாவது துளை

பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு தகடு!

ஆள்காட்டி விரல் நீளம். கருகிப் போயிருந்தது. பக்கத்தில் ஐந்து ஸ்க்ரூக்கள்.

"பிணத்தோட வலது கணுக்கால்ல இருந்து எடுத்தது, சிஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். கவரை ஆபரேஷன் தியேட்டர் வாசல் மேஜையில் வைத்துவிட்டு, ஷூவுக்கு மேல் மாட்டக் கொடுத்த துணி உறையில் வலது எது, இடது எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒன்றுதான். அதைச் சொல்லும் நிலையில் கறார் சிஸ்டர் இல்லை.

இருபது வருடமாக அந்தத் தியேட்டரின் தலைமை நர்ஸ் அவள். ஒவ்வொரு ஆபரேஷன் முடிவிலும் கத்தி, கத்தரி, பஞ்சு என்று ஒன்று விடாமல் எண்ணுவாள். அவள் வாயிலிருந்து "எண்ணிக்கை சரி" என்று வரும்வரை பெரிய டாக்டரே தையல் போட மாட்டார். கறார் சிஸ்டர் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் சுருக்கமாகச் சொன்னார். மலைப்பாதை வளைவில் ஒரு கார் உருண்டு எரிந்திருக்கிறது. ஐஸ் ஃபேக்டரி முதலாளியின் கார். உள்ளே ஒரே ஓர் உடல். முகம் இல்லை. கையில் முதலாளியின் வாட்ச். வீட்டம்மா வாட்சைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிட்டாள்.

"நாலு மாசம் முன்னாடி அவருக்கு வலது கணுக்கால் உடைஞ்சு, இங்கதான் ஆபரேஷனாம். டிஸ்சார்ஜ் கார்டு கூட காட்டினாங்க, கணுக்கால் ஆபரேஷன்னு மட்டும்தான் போட்டிருக்கு. உங்க டாக்டர் வெளிநாட்டுல இருக்காராமே?"

"திங்கக்கிழமை வர்றார் சார்."

"அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நீங்க பாத்துச் சொன்னா போதும். இது உங்க தியேட்டர்ல வெச்ச தகடுதானே?"

சிஸ்டர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ஆறு துளைகள். ஐந்து ஸ்க்ரூக்கள்.

நாலாவது துளையில் மட்டும் ஸ்க்ரூ இருந்த தடமே இல்லை. மரை உரசிய கோடு கூட இல்லை.

கவரை இன்னும் கிட்டே கொண்டுபோய், தகட்டின் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே தியேட்டர். இதே தகடு. 'நாலாவதுல போட வேணாம் சிஸ்டர், உடைஞ்ச கோடு அதுக்கு நேர் கீழதான் ஓடுது' என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. மேஜையில் கிடந்தவன் அவள் தம்பி. 'நீங்க வெளிய இருங்க சிஸ்டர்' என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தன் கையால் எடுத்துக் கொடுத்தவள் அவள்.

தம்பி... ஐஸ் ஃபேக்டரி முதலாளியின் டிரைவர்.

நாலு நாளாக அவன் போனை எடுக்கவில்லை.

முதலாளியின் கணுக்காலிலோ இரும்பே கிடையாது! 'எனக்குள்ள தகடு, கம்பி எல்லாம் வைக்கக் கூடாது. திரும்ப வெட்டி எடுக்கற வேலையும் ஆகாது' என்று டாக்டரிடம் கண்டித்துச் சொன்ன ஆள். கட்டைவிரல் நகம் அகலத்துக்கு இரண்டே வெட்டு. அது வழியே இரண்டு ஸ்க்ரூ. எலும்பு கூடுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் உடம்போடு கரைந்து போகிற ரகம். அந்த பாக்கெட்டைப் பிரித்ததும் இவள்தான்.

கருகிக் கிடப்பது தம்பி. கையில் இருந்தது முதலாளியின் வாட்ச். அப்படியென்றால் முதலாளி எங்கே?

"டிரைவர் யாரும் இல்லையா சார்?" என்று கேட்டாள்.

"அவனைத்தான் தேடிட்டிருக்கோம். முதலாளிய அடிச்சுப் போட்டு, வண்டிய உருட்டி விட்டுட்டு ஓடியிருப்பான்னு வீட்டம்மா சொல்றாங்க. கையில மட்டும் கிடைக்கட்டும். தோலை உரிச்சிடறேன்."

உரிக்க அவனிடம் தோல் மிச்சமில்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

"சொல்லுங்க சிஸ்டர். உங்க தியேட்டர்ல வெச்சதுதானே?"

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி யோசித்தாள்.

"ஆமா சார். எங்க தியேட்டர்ல வெச்சதுதான். என் கையால எடுத்துக் குடுத்தது."

அதையே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் உறையைக் கழற்றாமலே படியிறங்கிப் போனார்.

அவர் போனதும் சிஸ்டர் துணி வைக்கும் அறைக்குள் நுழைந்து தாழ் போட்டாள். பச்சைத் துணி அடுக்கில் முகத்தைப் புதைத்து, வெளியே சத்தம் வராமல் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இம்ப்ளாண்ட் ரிஜிஸ்டரை எடுத்தாள்.

உடம்புக்குள் வைக்கும் எந்தப் பொருளும் ஸ்டிக்கரோடுதான் வரும். ஒன்று நோயாளியின் ஃபைலில், ஒன்று தியேட்டர் ரிஜிஸ்டரில் ஒட்டப்படும். தம்பியின் பக்கத்தில் இருந்த எண்ணும் தகட்டின் ஓரத்தில் அவள் பார்த்த எண்ணும் ஒன்றேதான். கீழே அவள் கையெழுத்திலேயே குறிப்பு: நாலாவது துளை காலி.

போன மாதம் தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னது நினைவு வந்தது.

"அக்கா, கேஸ் இந்த மாசக் கடைசியில வருது. நான் உள்ளதைச் சொல்லிடப் போறேன்."

ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா கசிந்து நாலு பேர் செத்த வழக்கு. ஷிப்ட் முடியும் முன் யாரும் கிளம்பிவிடக் கூடாது என்று வெளியே பூட்டுப் போடச் சொன்னது முதலாளி. அதைக் காதால் கேட்ட ஒரே ஆள் டிரைவர்.

சாட்சியையும் ஒழித்தாயிற்று. குற்றவாளியும் செத்தாயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

போட்ட கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது முதலாளிக்கு. டிரைவரின் காலில் ஒரு தகடு இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போனது. ஆறு வருடம் தன்னைச் சுமந்து ஓட்டியவன் ஒரு மாதம் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதே இல்லை. அவருக்குத் தன் கால் மட்டும்தான் கால்.

டிரைவரின் அக்கா இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதும் அவருக்குத் தெரியாது. 'சொல்லிடாத அக்கா, அப்புறம் அவங்க வீட்டு இருமலுக்கெல்லாம் என்னையே இங்க விரட்டுவாங்க' என்று தம்பிதான் தடுத்திருந்தான்.

உண்மையை ஏன் அப்போதே போலீஸிடம் சொல்லவில்லை?

சொன்னால் பேப்பரில் வரும். முதலாளி கண்காணாத இடத்துக்குப் பறந்துவிடுவார். இப்போதோ எல்லாம் முடிந்தது என்று கால் நீட்டிப் படுத்திருப்பார். அதுவும் போக...

சட்டப்படி செத்துப்போனவனைக் கொன்றால், யாரைக் கொன்றதாகக் கேஸ் போடுவார்கள்?

அந்த எண்ணம் வந்தபோது அவளுக்கே திக்கென்றது. ஆனால் அதை விரட்டவில்லை.

வியாழக்கிழமை அடக்கம். கூட்டத்தின் கடைசியில் நின்றாள். தம்பியைக் குழிக்குள் இறக்கி, மண் தள்ளி, மேலே முதலாளியின் பெயர் எழுதிய பலகையை நட்டார்கள். செவ்வாய்க்கிழமை பளிங்குக் கல் வருகிறதாம். 'உழைப்பால் உயர்ந்தவர்' என்று வெட்டக் கொடுத்திருக்கிறார்களாம்.

தம்பியின் மேல் அவனைக் கொன்றவனின் பெயர். ஊர் வாயிலோ தம்பிக்குக் கொலைகாரன் என்று பெயர். பல்லைக் கடித்தபடி பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை காலை தியேட்டர் போன் அடித்தது.

டிஸ்சார்ஜ் கார்டின் அடியில், 'கட்டு சம்பந்தமான சந்தேகங்களுக்கு' என்று அச்சடித்திருக்கும் நம்பர் அது.

"சிஸ்டர்... எங்க அண்ணனுக்கு ஒரு சந்தேகம்." பெண் குரல். ஐஸ் ஃபேக்டரி வீட்டம்மாவின் குரல்! "கணுக்கால்ல கரையற ஸ்க்ரூ வெச்சிருக்கு. ரெண்டு நாளா வீங்கி, தண்ணி மாதிரி கசியுது."

சிஸ்டர் ரிசீவரை மற்ற காதுக்கு மாற்றினாள்.

"எங்க ஆபரேஷன் பண்ணீங்க மேடம்?"

"அது... வெளியூர்ல. ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர முடியாது. நீங்க வந்து கட்டுப் போட்டுட்டுப் போக முடியுமா?"

"மத்தியானம் டூட்டி முடிஞ்சதும் வர்றேன். அட்ரஸ் சொல்லுங்க."

கிளம்பும்போது மயக்க மருந்து அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். ஆபரேஷனின்போது தசைகளை அடக்கும் மருந்து. மூச்சுக் கருவி இல்லாமல் போட்டால் நாலே நிமிடம்! ரிஜிஸ்டரில் 'ஒன்று உடைந்தது' என்று எழுதினாள். இருபது வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.

இழுத்து மூடிய ஐஸ் ஃபேக்டரியின் மாடி அறை. கீழே துருப்பிடித்த ஐஸ் அச்சுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மூக்கைக் குத்தும் அமோனியா நெடி இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.

கட்டிலில் ஓர் ஆள். ஒரு வாரத் தாடி, குல்லாய், கறுப்புக் கண்ணாடி.

"எங்க அண்ணன்" என்றாள் வீட்டம்மா.

சிஸ்டர் போர்வையை விலக்கினாள். முகத்தை மறைத்தவர் காலை மறைக்க மறந்துவிட்டார். தியேட்டர்காரர்களுக்கு ஆளைத் தெரிவது முகத்தை வைத்தா? நகம் அகலத்தில் இரண்டு தழும்பு. அதில் ஒன்றில் தையல் சற்றுக் கோணல். அன்று நூல் நழுவியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வெளிக் கணுவின் மேல் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். ஊசி முனைத் துவாரத்திலிருந்து தெளிந்த நீர். தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. காய்ச்சல் இல்லை.

"ஆபரேஷன் ஆகி நாலு மாசம் இருக்குமா?"

"நீ கட்டுப் போட வந்தியா, கதை கேக்க வந்தியா?"

அதே குரல்! மாஸ்க் இல்லாத அவள் முகம்தான் அவருக்குப் புதிது.

"ஒரு ஊசி போடறேன் சார். அப்புறம் வலியே தெரியாது" என்றாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள். ஊசி முனையைத் தோலுக்கு அருகே கொண்டுபோனபோது, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வெளியூர் போக வண்டி ஓட்ட ஆள் இருக்கா சார்?"

"இருந்தான் ஒருத்தன். காலை விந்தி விந்தி நடப்பான். நன்றி கெட்ட நாய். நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு சாட்சி சொல்லக் கிளம்பினான்..."

வீட்டம்மா இருமினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சிஸ்டரின் கட்டைவிரல் சிரிஞ்சின் மேல் இருந்தது. ஒரு அழுத்து. போதும். இவர் போய்ச் சேருவார். இந்த அம்மாள் வெளியில் மூச்சுவிட முடியாது. புதைத்தவனை மறுபடி எங்கே கொண்டுபோய்ப் புதைப்பாள்?

ஆனால்...

இவர் இங்கே செத்தால் செவ்வாய்க்கிழமை அந்தப் பளிங்குக் கல் வந்து உட்கார்ந்துவிடும். இவர் உழைப்பால் உயர்ந்தவராகவே இருப்பார். தம்பி காலாகாலத்துக்கும் ஓடிப்போன கொலைகாரனாகவே இருப்பான். தன் பெயரைத் தம்பியின் மேலிருந்து எடுக்க வேண்டியவர் இவர். அதற்கு, ஊர் பார்க்க, இவர் வாயே வேண்டும். உயிர் வேண்டும்.

நாலு நிமிடத்தில் முடித்துவிட்டால் இவருக்கு லாபம். அதை ஏன் கொடுக்க வேண்டும்?

சிரிஞ்சைத் திருப்பினாள். மருந்து முழுவதையும் பேசினில் பீய்ச்சினாள்.

"என்ன சிஸ்டர்?" என்றாள் வீட்டம்மா.

"ஊசியால ஆகாது மேடம். ரொம்ப முத்திப் போச்சு. உள்ள ஸ்க்ரூ கெட்டு, சீழ் எலும்புக்குள்ள இறங்கிடுச்சு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு?"

"மூணு நாளைக்குள்ள திறந்து கழுவணும். இல்லைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்."

"இங்கயே கழுவு. என்ன வேணும்னாலும் கேளு."

"இங்க முடியாது சார். தியேட்டர் வேணும். எந்த ஸ்க்ரூ, என்ன அளவு, எந்த இடத்துல போச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டின பழைய ஃபைல் வேணும். ஃபைல் இல்லாம எந்த டாக்டரும் கத்தியைத் தொட மாட்டார். கரையற ஸ்க்ரூ எக்ஸ்ரேயிலயும் தெரியாது பாருங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிஸ்டர் கட்டுப் போட்டாள். பக்குவமாக, அழகாக. கடைசிச் சுற்றில் மட்டும் பட்டையை ஒரு பிடி இறுக்கினாள்.

"விரல் மரத்துப் போற மாதிரி இருந்தா, சீழ் ஏறுதுன்னு அர்த்தம். கட்டை மட்டும் பிரிக்காதீங்க."

வெளியே வந்து பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி.

ரிசப்ஷன் ஹாலில் கூட்டம். மூலை பெஞ்சில் ஒருவர் முகத்தை மறைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கறார் சிஸ்டர் எமர்ஜென்சி கதவருகே நின்றிருந்தாள். மூன்று நாளாக அவள் தூங்கவில்லை. வராமல் போனால்? வேறு டாக்டரிடம் காட்டியிருந்தால்?

வாசலில் ஒரு டாக்ஸி நின்றது.

சக்கர நாற்காலியில் முதலாளி. குல்லாய், கண்ணாடி, தாடி. தள்ளிக்கொண்டு வந்தது வீட்டம்மா. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களையே அவர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டம்மா அண்ணன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பெயரில் ஃபைல் இல்லை; புது ஃபைல் போட்டால் எல்லா டெஸ்டும் எடுத்து ஒரு வாரம் ஆகும் என்றாள்.

"ஒரு வாரமா? எனக்கு விரல் செத்துப் போச்சு" என்றார் முதலாளி.

வீட்டம்மா குரலைத் தாழ்த்தி வேறொரு பெயரைச் சொன்னாள். அந்த ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றாள்.

பெண் தட்டினாள். நிமிர்ந்தாள்.

"ஐஸ் ஃபேக்டரி முதலாளியா? அவர் இறந்துட்டார்னு இருக்கே மேடம். போலீஸ் லெட்டர் வந்திருக்கு. இறந்தவங்க ஃபைலைக் குடுக்கணும்னா வாரிசுச் சான்றிதழ் வேணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது!

"யாருடி செத்தது? நான்தான் அந்த முதலாளி! உயிரோட உக்காந்திருக்கேன்! என் காலு போகுது, என் ஃபைலை எடுடி!"

குல்லாய் கழன்று விழுந்தது. ஹால் மொத்தமும் திரும்பியது.

மூலை பெஞ்சில் இருந்த பேப்பர் கீழே இறங்கியது. பின்னால் இன்ஸ்பெக்டர்!

"வணக்கம் முதலாளி. வியாழக்கிழமை உங்க அடக்கத்துக்கு வந்திருந்தேன். நல்ல கூட்டம்."

வீட்டம்மா வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தாள்.

இன்ஸ்பெக்டரின் மடியில் இம்ப்ளாண்ட் ரிஜிஸ்டர் விரிந்திருந்தது. ஒன்பது மணிக்கே அவரை வரவழைத்து, இரண்டு பக்கங்களையும் சிஸ்டர் காட்டியிருந்தாள். தம்பி பக்கத்தில் தகட்டின் ஸ்டிக்கர். முதலாளி பக்கத்தில் கரையும் ஸ்க்ரூவின் ஸ்டிக்கர். இன்ஸ்பெக்டர் தகட்டின் எண்ணையும் ஸ்டிக்கரையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, தோலை உரிப்பேன் என்று சொன்னதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனாலும் அப்போது அவருக்கு மனசு ஆறவில்லை.

"அன்னிக்குக் கேட்டப்ப ஆமான்னு எழுதிக் குடுத்தீங்களே சிஸ்டர்?"

"எங்க தியேட்டர்ல வெச்சதான்னு கேட்டீங்க. ஆமான்னேன். யாருக்கு வெச்சதுன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். பளிங்குக் கல்லுக்கு இன்றே ஆள் அனுப்பி, தம்பியின் பெயரை வெட்டச் சொல்வதாகச் சொன்னார்.

"உழைப்பால் உயர்ந்தவர்னு இருக்கறது அப்படியே இருக்கட்டும் சார்" என்றாள் அவள். "அது அவனுக்குச் சரியாத்தான் இருக்கும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது ஹாலில் எழுந்த சத்தம் கேட்டு, காலையில்தான் ஊர் திரும்பியிருந்த பெரிய டாக்டர் வெளியே வந்தார். சக்கர நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். கணுக்காலை அழுத்தினார். முகர்ந்து பார்த்தார்.

"டாக்டர், காலை எடுத்துடாதீங்க டாக்டர்..." கை விலங்கோடு முதலாளி கெஞ்சினார்.

"காலை எடுக்கறதா? எதுக்கு?"

"சீழ் எலும்புக்குள்ள போயிடுச்சே..."

"சீழா? யார் சொன்னது?" டாக்டர் சிரித்தே விட்டார். "இது வெறும் நீர். ஸ்க்ரூ கரையும்போது சிலருக்கு இப்படிக் கசியும். பேசாம வீட்டுல படுத்திருந்தாலே பதினஞ்சு நாள்ல தானா ஆறியிருக்கும். ஆமா, கட்டை யாரு இவ்வளவு இறுக்கமாப் போட்டது? விரலெல்லாம் மரத்துக் கிடக்கு!"

முதலாளியின் பார்வை மெதுவாக நகர்ந்து எமர்ஜென்சி கதவருகே போய் நின்றது.

"நீயா... நீ யாரு?"

"விந்தி விந்தி நடந்தானே சார்... அவனோட அக்கா."

இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலியைத் திருப்பினார்கள். சிஸ்டர் கூடவே நடந்து போய், வீட்டம்மா கொண்டுவந்திருந்த டிஸ்சார்ஜ் கார்டை அவர் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகினாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். ரெண்டு வருஷத்துல ஸ்க்ரூ ரெண்டும் கரைஞ்சு போயிடும்... நீங்கதான் உள்ளயே இருப்பீங்க!"